இரும்புப் பெட்டியும் துறைமுகத் தொழிலாளியும்



கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் நீண்ட லோரிகள் வரிசையாகப் போவதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. நிறம் வேறானாலும் அகலம் ஒன்றே. மூலைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனைக் கொள்கலன் என்கிறோம். சிறு பிள்ளைகள் சிலர் அதை லோரியின் ஒரு பகுதி என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அது லோரிக்கு மட்டும் உரியதன்று. காலையில் லோரியின் மேல் இருக்கும் பெட்டி மாலையில் கப்பலில் இருக்கும். சில வாரங்கள் கழித்து வேறொரு நாட்டில் ரயில் வண்டியின் மேல் இருக்கும். அதற்குள் இருக்கும் சரக்கை இடையில் எவரும் தொடுவதில்லை.

இந்தப் பெட்டி எப்படிப் பிறந்தது? இதனால் உலகம் பெற்றது என்ன? துறைமுகத்தில் தோள் கொடுத்து உழைத்தவர்கள் இழந்தது என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் இன்றைய உரையில் விடை காண்போம்.

முதலில், பெட்டி இல்லாத காலத்தைப் பார்ப்போம். நம் தோட்டத்து ரப்பரையே எடுத்துக்கொள்வோம். பாலை உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகை அறையில் உலர்த்துவார்கள். பிறகு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டு கட்டுவார்கள். ஒரு கட்டு ஏறக்குறைய 110 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டாதிருக்க மேலே வெள்ளைத் தூள் கரைசலைப் பூசுவார்கள். அந்தக் கட்டு தோட்டத்தில் லோரியில் ஏறும்; ரயில் நிலையத்தில் அல்லது கிடங்கில் இறங்கும்; மீண்டும் ஏறும்; துறைமுகத்தில் இறங்கும்; வலையிலோ கயிற்றிலோ தொங்கிக் கப்பலுக்குப் போகும்; கப்பலின் அடித்தளத்தில் ஆட்கள் அதை உருட்டி அடுக்குவார்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் இத்தனை வேலையும் தலைகீழாக மறுபடி நடக்கும். வெப்பத்தில் கட்டுகள் ஒட்டிக்கொண்டால் அவற்றைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

இது ரப்பரின் கதை மட்டுமன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்துக்குச் சென்ற ‘வாரியர்’ என்ற கப்பலை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தக் கப்பலின் சரக்கு ஏறத்தாழ 5,000 டன். அதில் பெட்டி, மூட்டை, பீப்பாய், கட்டு என்று இருந்த தனித்தனிப் பொருள்கள் 194,582. அவற்றை ஏற்ற 6 நாள் ஆயிற்று. கடலைக் கடக்க பத்தரை நாள். இறக்க, இரவு பகலாக உழைத்தும், 4 நாள். செலவுக் கணக்குதான் இன்னும் வியப்பானது. மொத்தச் செலவில் கடற்பயணத்துக்கு ஆனது 11.5 விழுக்காடு மட்டுமே. இருகரையிலும் துறைமுகங்களில் ஆன செலவோ ஏறத்தாழ 37 விழுக்காடு. ஆகவே பெருஞ்செலவு கடலில் இல்லை, கரையில்தான் இருந்தது. கப்பலை வேகமாக ஓட்டிப் பயனில்லை. கரையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இதுவே அன்றைய சிக்கலின் முடிச்சு.

இம்முடிச்சை அவிழ்த்தவர் கப்பல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவர் பெயர் மால்கம் மெக்லீன். 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். 1934இல் லோரித் தொழிலில் இறங்கி, பின்னர் பெரிய நிறுவனமாக அதனை வளர்த்தார். சாலைகளில் நெரிசல் மிகுந்தபோது, லோரியின் பின்வண்டியை அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். பிறகு, சக்கரம் வீணாக இடத்தை அடைக்கிறதே என்று கண்டு, பெட்டியை மட்டும் கழற்றி ஏற்றத் திட்டமிட்டார். லோரி நிறுவனம் நடத்துபவர் கப்பல் நிறுவனம் நடத்தக்கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் தடுத்தது. அவர் தாம் வளர்த்த லோரித் தொழிலை விட்டுவிட்டுக் கப்பலைப் பற்றிக்கொண்டார்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அது உலகப் போர்க் காலத்து எண்ணெய்க் கப்பல். அதன் மேல்தளத்தில் 58 பெட்டிகள் இருந்தன. அக்காலத்தில் சில்லறைச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 80 காசுக்கு மேல் ஆயிற்று. இந்தக் கப்பலில் ஆனதோ டன்னுக்கு 16 காசுக்கும் குறைவு! இந்த ஒரு கணக்கே உலக வாணிகத்தைத் திருப்பிப் போட்டது.

பெட்டியில் சரக்கு அனுப்புவது அதற்கு முன்பு இல்லாததன்று. ஐரோப்பிய ரயில்களிலும் அமெரிக்க ரயில்களிலும் பெட்டிகள் பயன்பட்டன. மெக்லீனின் சிறப்பு வேறு. பெட்டி, லோரி, பாரந்தூக்கி, கப்பல், துறைமுகம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று அவர் கண்டார். அவரிடம் பணிபுரிந்த கீத் டாண்ட்லிங்கர் என்ற பொறியியலாளர் பெட்டியின் மூலைகளுக்கு வார்ப்பு எஃகுத் துளைக்கட்டைகளையும், அவற்றில் நுழைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும் பூட்டையும் வடிவமைத்தார். பெட்டியின் மேல் பெட்டி அடுக்கினாலும் சரியாமல் நிற்பது இப்பூட்டின் வலிமையால்தான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய அளவில் பெட்டி செய்தது. ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலில் பொருந்தவில்லை. 1960களில் அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு இதற்குப் பொது அளவு வகுத்தது. அகலம் 8 அடி. நீளம் 20 அடி, 40 அடி என்பவை பெருவழக்காயின. மூலைப் பூட்டின் காப்புரிமையை மெக்லீனின் நிறுவனம் கட்டணம் கேளாமல் விட்டுக்கொடுத்தது. தன் கண்டுபிடிப்பைத் தானே பூட்டி வைத்திருந்தால் அது ஒரு நிறுவனத்தின் பெட்டியாகவே நின்றிருக்கும். திறந்துவிட்டதால் உலகத்தின் பெட்டி ஆயிற்று.

நேயர்களே, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டன்னுக்கு 5 டாலர் 80 காசு என்றோமே, அந்தப் பணம் எங்கே போயிற்று? அதன் பெரும் பகுதி துறைமுகத் தொழிலாளியின் கூலியாக அவன் வீட்டு அடுப்பை எரித்தது. பெட்டி வந்ததும் ஒரு குழு பல நாள் செய்த வேலையைப் பாரந்தூக்கியும் சிலரும் சில மணி நேரத்தில் முடித்தார்கள். அமெரிக்க மேற்குக் கரைத் தொழிற்சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில், 1960ஆம் ஆண்டில் முதலாளிகளோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இயந்திரத்தைத் தடுக்கமாட்டோம், ஆனால் அதனால் வரும் இலாபத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அதன் சாரம். பதிவு பெற்ற தொழிலாளர்க்கு வேலைப் பாதுகாப்பும், முன்னதாக ஓய்வு பெறுவோர்க்கு நிதியும் கிடைத்தன. லண்டனில் நிலைமை வேறு. நகரின் நடுவே நூற்றாண்டுகள் கண்ட கப்பல் துறைகள் பெட்டிக் கப்பலுக்குப் பொருந்தவில்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, 1981இல் ராயல் துறைகளோடு அந்த வரலாறு முடிந்தது. சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளில் வேலையில்லாத் திண்டாட்டம் குடியேறியது.

இனி நம் பக்கம் வருவோம். சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்டது. 1968இல் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தபோது, படைத்தளங்களை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. பெட்டிக் கப்பல்கள் இவ்வட்டாரத்துக்கு வருமா என்று உறுதியில்லாத காலத்திலேயே, உலக வங்கிக் கடனுதவியுடன், தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையத்தைச் சிங்கப்பூர் கட்டியது. 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ‘நிஹோன்’ என்ற கப்பல் ரோட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களுடன் அங்கு வந்து சேர்ந்தது. 1990இல் சிங்கப்பூர் உலகிலேயே மிகுதியான கொள்கலன்களைக் கையாளும் துறைமுகமாக உயர்ந்தது.

ஆனால் சிங்கப்பூர் ஆற்றில் நூறாண்டுக்கும் மேலாகச் சரக்கு சுமந்த தொங்கான்களும் தோணிகளும்? ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தின்கீழ் 1983இல் அவை பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. ஆற்றோரக் கிடங்குகள் அமைதியாயின. மூட்டை சுமந்து பலகையில் நடந்தவர்களின் காலமும் அத்துடன் முடிந்தது.

நம் நாட்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1963 வரை அதனை ரயில்வே நிருவாகமே நடத்தியது. ரயில் பாதையிலும் துறைமேடையிலும் வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழர் பெருந்தொகையினர். 1972இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. மறு ஆண்டில் கொள்கலன் முனையம் அங்கு செயல்படத் தொடங்கியது. 1986இல் அம்முனையம் தனியார்மயமாயிற்று. நாட்டின் தனியார்மயத் திட்டத்தில் அது முன்னோடியாக அமைந்தது.

என் மாணவன் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சுவரில் ஓர் இரும்புக் கொக்கி தொங்குவதைக் கண்டேன். மரப்பிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. மூட்டைகளையும் கட்டுகளையும் இழுக்க அவனுடைய தாத்தா துறைமுகத்தில் பயன்படுத்திய கொக்கி அது. பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பெட்டி வந்தபிறகு முதுகு வலி குறைந்தது. கூடவே வேலை நாளும் குறைந்தது என்றார். அவருடன் வேலை செய்தவர்களில் பாரந்தூக்கி ஓட்டக் கற்றுக்கொண்ட சிலர் நல்ல சம்பளத்தில் நிலைத்தார்களாம். மற்றவர்கள் தோட்டத்துக்கோ கூலி வேலைக்கோ திரும்பினார்களாம். தமக்குப் படிவம் நிரப்பத் தெரியாததால் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அவர் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. ஓர் ஆசிரியர் என்ற முறையில் அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை.

தோட்டத்து ரப்பரும் மாறியது. 1965இல் தொடங்கிய மலேசியத் தர ரப்பர்த் திட்டத்தால் தகட்டுக்குப் பதில் சிறு கட்டிகள் வந்தன. ஒரு கட்டி 33 கிலோ சொச்சம். 30 கட்டிகள் சேர்ந்தால் ஒரு டன். உறையிட்டுத் தட்டில் அடுக்கினால் ஓர் இருபதடிப் பெட்டியில் ஏறக்குறைய 20 டன் போய்விடும். தொழிற்சாலையில் பூட்டி முத்திரையிட்ட கதவு, டயர் செய்யும் ஊரில்தான் திறக்கப்படும்.

இன்று உலகக் கடல் வாணிகம் இப்பெட்டியின்றி இயங்காது. இருபதடிப் பெட்டியை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர் 41 மில்லியனுக்கு மேலும், கிள்ளான் 14 மில்லியனுக்கு மேலும் கையாண்டன. 2021 மார்ச் மாதம் ‘எவர் கிவன்’ என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் 6 நாள் சிக்கிக்கொண்டபோது உலகமே தவித்ததை நாம் கண்டோம். மலிவாகப் பொருள் கிடைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் எல்லா இடத்திலும் தட்டுப்பாடு.

மாற்றம் இத்துடன் நிற்கவுமில்லை. 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன. ஒரு காலத்தில் மூட்டை சுமந்தவருக்கு வந்த சோதனை, இன்று வண்டி ஓட்டுபவருக்கு வருகிறது. நாளை கணினி முன் அமர்ந்திருப்பவருக்கும் வரலாம்.

பெட்டியைக் குறை கூறிப் பயனில்லை. அது முதுகெலும்பை முறிக்கும் உழைப்பிலிருந்து மனிதனை விடுவித்தது. ஆனால் விடுவிக்கப்பட்டவனுக்கு அடுத்த வேலைக்கான வழியையும் காட்டுவது சமுதாயத்தின் கடமை. வழி காட்டப்பட்ட இடங்களில் மாற்றம் வாழ்வாயிற்று. காட்டப்படாத இடங்களில் அது வறுமையாயிற்று. துறைமுக வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை சாலையில் ஒரு கொள்கலனைக் காணும்போது அதன் கதவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் இருக்கும். அவை அதன் பெயரும் அடையாளமும். அப்பெட்டி உலகின் எந்த மூலைக்குப் போனாலும் தன் பெயரோடு போகிறது. அதற்கு முன் அந்தச் சுமையைத் தோளில் தாங்கியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இன்று மாலை அவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.