சகோதரிகளின் வாசல்

சேதராப்பட்டிலிருந்து மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. இந்த எல்லையில் சாராயத்தின் விலை மாறுவதைப் பற்றித்தான் நாம் பேசியிருக்கிறோம். ஒரு காலத்தில் குற்றமும் மாறியது. அந்தப் பக்கம் 1860ஆம் வருஷத்து ஆங்கிலேயத் தண்டனைச் சட்டம், அதன் 377ஆம் பிரிவு. இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். பிரான்ஸ் 1791லேயே அந்தக் குற்றத்தைத் தன் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டது. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது 377உம் கூடவே வந்தது. விடுதலையோடு வந்த விலங்கு என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பெண்கள் விஷயத்தில் எல்லையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 377 ஆண் உடலை மனதில் கொண்டு எழுதப்பட்டது. பெண்ணை நேசிக்கும் பெண் அதன் கண்ணிலேயே படவில்லை. அவளை வெளியே நிறுத்தச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. மற்ற பெண்கள் போதும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'சொரோரிட்டி' என்று ஒரு ஸ்தாபனம் உண்டு. சகோதரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். சேர விரும்புகிறவளை வீட்டுக்கு அழைக்கிறார்கள். தேநீர், சிரிப்பு, விசாரிப்பு என்று பல சுற்றுகள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தேர்வு. தள்ளப்பட்டவளுக்குக் காரணம் சொல்வதில்லை. அந்த வீட்டின் மதிப்பு, ஆண்கள் வீடுகளோடு நடக்கும் விருந்துகளிலும் நடனங்களிலும் இருக்கிறது. தன் காதல் எந்தப் பக்கம் என்று மறைக்காமல் அங்கே போய் உட்காரும் பெண்ணின் ஸ்திதியை யோசித்துப் பாருங்கள். அவள் நடத்தையைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் சொல்லிவிட்டாள் என்பதுதான் சங்கடம். கல்வியில் பால் பேதத்தை விலக்கிய 1972ஆம் வருஷத்துச் சட்டமும், 1974இல் ஒரு திருத்தத்தின் மூலம் இந்த வீடுகளின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்களித்தது. 1988இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லாம்ப்டா டெல்டா லாம்ப்டா அங்கீகாரம் பெற்றது. தன்பாலீர்ப்புள்ள பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய சொரோரிட்டி அது.

நம்மிடம் கிரேக்க எழுத்து வீடுகள் இல்லை. 'அக்கா', 'தோழி' என்ற சொற்கள் இருக்கின்றன. அகப்பாடல்களின் தோழியைக் கொண்டாடும் நம் விமர்சகர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: எல்லோருடைய காதலையும் பேசுகிற அவளுக்குச் சொந்தமாக ஒரு காதல் இல்லை. அந்த நிபந்தனையின்மேல்தான் அவளுக்கு இடம்.

1987இல் போபாலில் இரண்டு பெண் போலீஸார் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டார்கள்; வேலை போயிற்று. அது அரசாங்கத்தின் காரியம் என்று விட்டுவிடலாம். 1994ஐ அப்படி விட முடியவில்லை. பம்பாயில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் கூட்டவிருந்த மாநாட்டைத் தடுக்கும்படி பிரதமரைக் கேட்டுக்கொண்டவர் இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் விமலா ஃபரூக்கி. வாழ்நாள் முழுதும் பெண்களுக்காகப் போராடியவர். அதனால்தான் அது வலிக்கிறது. அதே வருஷம் திருப்பதியில் கூடிய பெண்கள் இயக்கங்களின் மாநாட்டிலும் இந்தப் பேச்சு சர்ச்சையானது. வரதட்சணைச் சாவுகளுக்கு நடுவே இது அவசரமா என்பது ஒரு வாதம். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவசரம் எது என்று தீர்மானித்தவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள்.

1998 டிசம்பரில் 'ஃபயர்' படம் ஓடிய அரங்குகளை சிவசேனைக்காரர்கள் தாக்கினார்கள். டெல்லி ரீகல் தியேட்டர் முன்னால் எதிர்ப்புக் கூட்டம். பெரும்பாலானோர் கருத்துச் சுதந்திரத்துக்காக வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருத்தி ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் 'இந்தியர்' என்ற சொல்லும் 'லெஸ்பியன்' என்ற சொல்லும் சேர்ந்தே இருந்தன.