டி.சி. யார் கையில்?

கல்லூரியில் விளையாடும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் யாரும் உரக்கக் கேட்பதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் வெகுகாலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் வேறு: ஸ்போர்ட்ஸ் கோட்டா, கட்டணச் சலுகை, இலவச ஹாஸ்டல், ஷூ, டிராக் சூட். கல்லூரிக்குக் கோப்பை வேண்டும், பெண்ணுக்குப் பட்டம் வேண்டும். இருவரும் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கூலி என்று பெயரிடாததால் இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் விதிகளும் கிடையாது. காயம் பட்டால் சலுகை தொடருமா? பயிற்சியாளர் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது? வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் என்ன ஆகும்? எல்லாம் வாய்ச்சொல்தான்.

இந்தக் கேள்விகளில் கடைசியைத்தான் நான் முதலில் வைக்கிறேன். விளையாட்டு வீராங்கனைகளின் வரலாற்றைப் படிக்கும்போது, யார் காசு கொடுத்தார்கள் என்பதைவிட, காசு வாங்கியவள் விலகிப் போக முடிந்ததா என்பதே அவள் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறது.

என் வகுப்பில் படித்த ஒரு மாணவி சாத்தாங்காட்டிலிருந்து வந்தவள், கபடி ஆடுபவள். சாத்தாங்காடு என்றால் சென்னையில் பலருக்கு இரும்புச் சந்தைதான் நினைவுக்கு வரும். ட்ரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை, எடைமேடை, மணலிப் பக்கமிருந்து வீசும் எண்ணெய் ஆலைகளின் வாடை. இரும்புக்கு இடமிருக்கும் ஊரில் பெண் பிள்ளைகள் ஆட ஒரு திடலைத் தேட வேண்டும். அவள் முதலில் ஒரு தனியார் கல்லூரியில் கட்டணச் சலுகையில் சேர்ந்திருந்தாள். பயிற்சி முடிந்து இரவில் வீடு திரும்புவது வீட்டில் தினம் ஒரு சண்டையானது. ஹாஸ்டல் உள்ள வேறொரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. டி.சி. கேட்டபோது, மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அதுவரை இலவசம் என்றிருந்தது அன்றைக்குக் கடன் ஆயிற்று. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது அவளுக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத்தான் எங்கள் கல்லூரிக்கு வந்தாள். ஆட்டம் போய்விட்டது.

இது ஒரு கல்லூரியின் தனிக் குணம் அல்ல. இந்தியாவில் பெண்கள் விளையாடத் தொடங்கிய காலத்திலிருந்து, காசு கொடுக்கும் கை கட்டிப்போடும் கையாகவும் இருந்துவந்திருக்கிறது.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் சுதந்திர இந்தியாவின் பெண்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டார்கள். நீலிமா கோஷ், மேரி டி'சோசா, டாலி நசீர், ஆரத்தி சாஹா என்று நால்வர். ஓட்டக்காரியான மேரி டி'சோசாவின் பயணச் செலவுக்கு நண்பர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. பிறகு மெல்ல ஒரு வழி திறந்தது: அரசு வேலை. ரயில்வே, காவல்துறை, சுங்கத்துறை, வங்கிகள், இந்திய உணவுக் கழகம். பி.டி. உஷா தென்னக ரயில்வேயில் இருந்தார். ஷைனி வில்சன் சென்னையில் உணவுக் கழகத்தில் இருந்தார். ஓடியதற்கான கூலி ஓடும்போது வரவில்லை, வேலையாகப் பின்னால் வந்தது. கல்லூரி நாட்கள் அந்த வேலைக்கான காத்திருப்பு.

இந்த வழி பெண்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை மதுரை ரேவதி வீரமணியிடம் பார்க்கலாம். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடிய அவரை அடையாளம் கண்ட பயிற்சியாளர் கண்ணன், லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்குமிடமும் கிடைக்க உதவினார். பிறகு தென்னக ரயில்வேயில் வேலை. 2021இல் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்தக் கல்லூரி இடத்தைச் சலுகை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் ஊதியம்.

அதே வழியின் மறுபக்கத்தைப் பெண்கள் கிரிக்கெட் காட்டுகிறது. 1973இல் தொடங்கிய இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்திடம் பணம் கிடையாது. டயானா எடுல்ஜி போன்றவர்களின் முயற்சியால் 1980களில் ரயில்வே பெண் கிரிக்கெட்டர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியது. நாடெங்குமிருந்து நல்ல ஆட்டக்காரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உள்நாட்டுக் கோப்பைகள் வருடா வருடம் ரயில்வேக்கே போயின. மாநில அணிகள் வளர்த்து அனுப்பிக்கொண்டே இருந்தன. ஆட்டக்காரிகளைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியுமா? சம்பளம் கொடுத்த ஒரே வாசல் அது.

ஆனால் அந்த வாசலுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் உண்டு. 2017 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 171 ரன் அடித்த ஹர்மன்பிரீத் கவுருக்குப் பஞ்சாப் அரசு காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி தந்தது. அவர் 2014இல் மேற்கு ரயில்வேயில் சேர்ந்தபோது ஐந்து வருட பாண்டு எழுதிக் கொடுத்திருந்தார். காலம் முடியாததால் ரயில்வே விடுவிக்கவில்லை. மாநில முதல்வர் ரயில்வே அமைச்சரிடம் பேசித்தான் 2018இல் விடுதலை கிடைத்தது. நாடறிந்த ஒருத்திக்கே முதல்வர் பேச வேண்டியிருந்தது. சாத்தாங்காட்டுக் கபடிக்காரிக்காக யார் பேசுவார்கள்?

மாறிப் போகும் உரிமை பெண்ணுக்குக் காசுக் கணக்கு மட்டுமல்ல. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் மீது அவரிடம் பயின்ற பெண் பாலியல் புகார் கொடுத்தார். போக்சோ சட்டத்தில் அவர் கைதானார். முதல் புகாருக்குப் பிறகு அவரிடம் முன்பு பயின்றவர்களும் பேச முன்வந்தார்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: போவதற்கு அவளுக்கு வேறு இடம் இருந்ததா? போட்டிக்குப் பெயர் கொடுப்பதும், கோட்டா சீட்டுக்குப் பரிந்துரைப்பதும், வேலைக்குக் கைகாட்டுவதும் ஒரே ஆள் என்றால் அவரைவிட்டுப் போவது விளையாட்டைவிட்டே போவதாகும். வெளியேறும் கதவு திறந்திருந்தால் பல கொடுமைகள் தொடங்கும்போதே நின்றிருக்கும்.

இந்தக் கதவைத் திறந்து வைத்திருந்த ஓர் அமைப்பு வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டை நடத்த, பெண் உடற்கல்வி ஆசிரியைகள் 1971இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்களின் விளையாட்டை நடத்திய என்.சி.ஏ.ஏ. அப்போது பெண்களைச் சீண்டவில்லை. ஆண்கள் பக்கம் கல்லூரி மாறியவர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி இருந்தது. இந்தப் பெண்களோ, மாறி வந்தவள் உடனே ஆடலாம் என்றார்கள். அவள் முதலில் மாணவி, மற்ற மாணவிகளுக்குள்ள உரிமை அவளுக்கும் உண்டு என்பது அவர்கள் நியாயம்.

அதே சங்கம் தொடக்கத்தில் விளையாட்டு உதவித்தொகையைத் தடை செய்திருந்தது. காசு வந்தால் ஆள்பிடிப்பும் சுரண்டலும் வரும் என்று அஞ்சினார்கள். ஆண்களுக்குக் கிடைப்பது எங்களுக்கு ஏன் இல்லை என்று ஃப்ளோரிடாவில் டென்னிஸ் ஆடிய மாணவிகள் வழக்குப் போட்டபின் 1973இல் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அஞ்சியதிலும் உண்மை இருந்தது, வழக்கிலும் நியாயம் இருந்தது. பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கூலியை மறுப்பது நம் வீடுகளுக்கும் பழக்கமானதுதானே.

ஆயிரத்தை நெருங்கும் கல்லூரிகளோடு வளர்ந்த அந்தச் சங்கம், என்.சி.ஏ.ஏ. 1981–82இல் பெண்களுக்கும் போட்டிகள் நடத்த வந்ததும் நொடிந்து மூடியது. பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 1972இல் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். இன்று பாதிகூட இல்லை. பணம் வந்தது, பொறுப்பு கைமாறிப்போனது.

இப்போது அங்கே காலம் மாறியிருக்கிறது. 2021 முதல் கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் உட்கார வைக்கும் விதியும் தளர்ந்தது. மேரிலாந்திலிருந்து எல்.எஸ்.யு.வுக்கு மாறிய கூடைப்பந்து வீராங்கனை ஏஞ்சல் ரீஸ் 2023இல் அந்தக் கல்லூரிக்கு தேசியக் கோப்பை வாங்கித் தந்தார், தானும் சம்பாதித்தார். 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாடு, ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை விளையாட்டாளர்களுக்கு நேரடியாகக் கொடுக்க வழி செய்தது. பழைய பாக்கியாகத் தரப்படும் ஏறத்தாழ 280 கோடி டாலரில் பெரும்பங்கு ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது என்று பெண் விளையாட்டாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். சம்பளம் வந்துவிட்டால் சமத்துவம் தானே வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எளிதாக மாற விட்டால் அணிகள் சிதறும் என்பார்கள். உண்மைதான். இதில் எனக்கு வருத்தம் கல்லூரிகளைப் பற்றியதல்ல, அரசுப் பள்ளிப் பி.டி. டீச்சரைப் பற்றியது. தன் சம்பளத்தில் முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து அவர் ஆறு வருடம் வளர்த்த பெண்ணை பிளஸ் ஒன்னில் ஒரு பெரிய பள்ளி கட்டணச் சலுகை தந்து கூட்டிப்போகும். கோப்பையில் அந்தப் பள்ளியின் பெயர் பொறிக்கப்படும். ஆண்களின் கால்பந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இளைஞனை எடுத்துக்கொள்ளும் கிளப், அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஈட்டை எடுத்துக்கொள்பவர் தருகிறார், ஆடுபவர் தருவதில்லை. வளர்த்தவருக்கு நியாயம் செய்யப் பெண்ணின் டி.சி.யைப் பிடித்து வைக்கத் தேவையில்லை.

திருவொற்றியூரில் மாசி மாதம் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் சங்கிலியாரிடம் உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதை அது. வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைப்பில் அவர் எல்லை தாண்டினார், கண்ணிழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பின என்கிறது பெரியபுராணம். வாக்குக் கொடுத்தவரும் ஆண், மீறிப் போனவரும் ஆண், போன வழியெல்லாம் அவருக்குப் பதிகம். இருந்த இடத்தில் இருந்தவள் சங்கிலி. அதே ஊர்ப் பக்கத்துப் பெண்களிடம்தான் இன்று போகமாட்டேன் என்று எழுதி வாங்குகிறோம்.

வடசென்னைக்குப் பெருமை குறைவில்லை. வியாசர்பாடி இளவழகி 2008இல் கேரம் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பரிசு ஜெயித்தவளுக்கு, கூலி ஆடுகிறவளுக்கு. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகிறவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு நேரடியாகக் கொடுக்கப்படுகிறது. இதில் எனக்குப் பிடித்தது தொகையைவிட, அது பெண்ணின் பெயரில் வருவது. அவள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே போகக்கூடிய பணம்தான் உதவி. அவள் போனால் நின்றுவிட்டுத் திரும்பக் கேட்கும் பணம் முன்பணம், கொத்தடிமைக்குக் கொடுக்கிற முன்பணம்.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரப்போகும் பெண்களே, பெற்றோரே, கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். என்னென்ன தருகிறீர்கள் என்று எழுதித் தருவீர்களா? காயம் பட்டு ஆட முடியாமல் போனால் படிப்பு தொடருமா? நான் போக நினைத்தால் என் சான்றிதழ் எத்தனை நாளில் என் கைக்கு வரும்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முகம் சுளித்தால், முதல் இரண்டுக்குச் சொன்ன பதிலையும் நம்ப வேண்டாம்.