கையுறையின் கதை

"நீதான் கையுறை கம்பெனியில இருக்கியே, அதைப் பத்தியே எழுதேன்" என்றார் மலர்க்குழு நண்பர். அறுவை அரங்கக் கையுறைகளின் தரச் சோதனைதான் என் பிழைப்பு. ஆனால் அவற்றை நான் முதலில் பார்த்தது வத்தலக்குண்டில், சிறுவனாக இருந்தபோது.

என் சித்தி ஒரு மருத்துவமனையில் தியேட்டர் ஆயா. ரத்தக்கறை படிந்த கையுறைகளை அலசி, காற்றடைத்து ஓட்டை பார்த்து, கொடியில் காயப்போட்டு, பவுடர் தூவி, ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார். டாக்டருக்கு மறுபடியும் அதே கையுறை. கழுவுகிற சித்திக்கோ வெறுங்கை! ஒருநாள் துணிக்குள் கிடந்த ஊசி அவர் விரலில் ஏறிவிட்டது. "மஞ்சளை வச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கையுறை பிறந்ததே ஓர் ஊழியரின் கையைக் காக்கத்தான். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினியான மெர்குரிக் குளோரைடு பட்டுக் கையெல்லாம் புண். அறுவை நிபுணர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்யவைத்தார். 1890-ல் அந்த நர்ஸையே மணந்தும் கொண்டார்! கையுறை போட்டால் அறுவைப் புண் சீழ் பிடிப்பது குறைகிறது என்று அவருடைய சீடர் பிளட்குட் 1899-ல் எழுதினார். அதன்பின் நோயாளியைக் காப்பதே கையுறையின் முதல் வேலையாயிற்று.

நம் நாட்டில் 1986-ல் ஒரு திருப்பம். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இங்கும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற விதியை 1987-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வகுத்தது. ஊழியரின் கை மறுபடி கவனத்துக்கு வந்தது.

எங்கள் சோதனை எளிது: கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம், ஒரு சொட்டு கசிந்தாலும் அது தோல்விதான். பவுடரும் ஆபத்து என்று பின்னால் தெரிந்தது. ரப்பர் புரதத்தை அது காற்றில் பரப்பி ஒவ்வாமை உண்டாக்கும். 2017 ஜனவரி முதல் அமெரிக்கா பவுடர் கையுறையைத் தடை செய்துவிட்டது. இரட்டைக் கையுறை போட்டால் உள்கையுறை ஓட்டையாவது வெகுவாகக் குறையும். ஆனாலும் ஊசியை எந்த ரப்பரும் தடுக்காது. அதற்குக் குத்துப்படாத டப்பாவும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் வேண்டும்.

சித்தி நல்லவேளையாகத் தப்பித்தார். தம்பி, தங்கைகளே! நாளை நீங்கள் எந்தக் கருவியை வடிவமைத்தாலும், அதை எடுத்துப் பயன்படுத்துகிறவரோடு நிறுத்தாதீர்கள். கடைசியில் அதைக் கழுவி வைக்கிற கையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.