பட்டாம்பாக்கத்துக்குப் போன பாதிரியார்

திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் குறைவு. தென்பெண்ணைக் கரைக்கு டென்மார்க்குக்காரர்கள் வந்த கதையை நூல் பிடித்துப் போனால், அது ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் சாதியை முன்னிட்டு மூண்ட ஒரு சண்டையில் போய் நிற்கிறது.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். கோயிலில் தங்களுக்குத் தனி இடம், நற்கருணைக் கிண்ணம் தங்களுக்கு முதலில் என்று பழகியவர்கள் அவர்கள். சிலர் பின்னர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் பக்கம் சாய்ந்தார்கள்.

1850-ல் சென்னை மிஷனரி மாநாடு, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. லைப்சிக் மிஷன் இந்தத் தீர்மானத்தில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் அப்போது இந்தியாவில்தான் இருந்தார். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த தமிழறிஞர். சாதி ஒரு சமூக வழக்கம், கட்டாயப்படுத்தினால் போகாது, போதனையால் மெல்லத் தேயட்டும் என்பது அவர் கட்சி. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் பொறுத்திருக்கும் பாரம் முழுவதும் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர்கள் தலையில்தானே விழுந்தது?

கிரவுலின் இந்த நிலைப்பாட்டைத்தான் உடன் ஊழியரான கார்ல் ஒக்ஸ் ஏற்கவில்லை. வழக்கு பேசித் தீரவில்லை. 1860-ல் ஒக்ஸ் தன் தரப்பை ஜெர்மன் புத்தகமாகவே அச்சிட்டார். தீர்ப்புச் சொன்ன லைப்சிக்காரர்களுக்குச் சேரி தெரியாது. சேரியில் இருந்தவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. லைப்சிக், கிரவுலின் பக்கமே நின்றது. ஒக்ஸ் வெளியேறினார்.

பண்ருட்டிக்குக் கிழக்கே பட்டாம்பாக்கத்தில் 1861-ல் 'பெத்தானியா' என்ற நிலையத்தைத் தொடங்கினார். பின்னால் மிஷன் இல்லை, பணம் இல்லை. சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த வேர் ஆற்றோடு மேற்கே படர்ந்து, திருக்கோவிலூரில் 'சீலோவாம்' நிலையமாக முளைத்தது. ஒக்ஸ் 1873-ல் இறந்தார்.

லைப்சிக் வழி வந்தது, 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. டேனிஷ் வழி வந்தது, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இரண்டும் இன்று ஒரே அகில இந்திய லுத்தரன் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். நிர்வாகம் மட்டும் இன்னும் தனித்தனி.

(தொடரும்)