பன்னீர் ரோசாவின் வேர்கள்

ஸ்காபரோ கல்யாண மண்டபங்களின் வாசலில் பன்னீர்ச்செம்பும் சந்தனமும் கற்கண்டும் இன்னும் இருக்கின்றன. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பன்னீர் என்பது கடையில் போத்தலில் வாங்கும் ஒரு நீர். அதைத் தந்த பூவை அவர்கள் முகர்ந்ததில்லை. அந்தப் பூவை ரொறொன்ரோ வீட்டு வளவில் வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வளர்க்கலாம். ஆனால் அதற்கு முன், அது எந்தப் பூ என்று தெரிய வேண்டும்.

தமிழுக்கு ரோசா பழைய பூ அல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. ரோசா அதில் இல்லை. இத்தனைக்கும் நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ரோசா ஒன்று கொடியாகப் படர்ந்திருக்கிறது. 1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெசெனோவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். நம்முடைய சொல்லைப் பார்த்தால் பூவுக்கு முன்னே நீர் நிற்கிறது. பனிநீர்தான் பன்னீர் ஆயிற்று. மலையாளத்தில் பூவையே பனிநீர்ப்பூ என்பார்கள்.

பன்னீர் ரோசா என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் உண்டு. முதலாவது தமஸ்கு ரோசா. பல்கேரியாவிலும் ஈரானிலும் கன்னோசியிலும் பன்னீரும் அத்தரும் வடிப்பது இதிலிருந்துதான். சிரிய நகரத்தின் பெயரைச் சுமந்தாலும், இது மூன்று இனங்களின் கலப்பு என்று 2000ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்த மூன்றில் ஒன்று நடு ஆசியாவின் காட்டு ரோசா. இரண்டாவது, தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் எட்வர்ட் ரோசா என்று விற்கப்படுவது. இது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் உருவான வகை. அன்று அத்தீவின் பெயர் பூர்போன். அங்கே வேலியோரம் நின்ற தமஸ்கு ரோசாவும் சீன ரோசாவும் தாமாகக் கலந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1819 அளவில் அதன் விதைகள் பாரிசுக்குப் போயின. அதே நூற்றாண்டில் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். ஆக, நாம் 'ஊர்ப் பூ' என்று நினைவில் வைத்திருப்பது கடல் கடந்து கலந்து வந்த பூ.

அப்படியானால் அதை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? மூக்கைக் கொண்டுதான். தமஸ்கு வாசத்தின் அடித்தளம் பினைல் எத்தனால் என்ற பொருள். அது நீரில் நன்றாகக் கரையும். பன்னீர் என்ற ஒன்று சாத்தியமானதே அதனால்தான். இதழ் காய்ந்த பின்னும் அது தங்கும். ஆகவே ஓர் இதழைப் பறித்து உலர்த்தி, இரண்டு நாள் கழித்து முகர்ந்து பாருங்கள். வாசம் இருந்தால் தமஸ்கு உறவு இருக்கலாம். கிராம்பு வாசம் தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் ருகோசா வழி. தேயிலை வாசம் அடித்தால் சீன வழி. முகர்வதற்கு ஏற்றது வெயில் ஏறாத காலை. பூக்கடை ரோசாவில் எதுவும் வராது. அது நாள்கணக்கில் வாடாமல் நிற்பதற்காக வளர்க்கப்பட்டது. அந்தத் தேர்வில் வாசத்தை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சிக்கல் குளிர். பல வீடுகளில் நடப்பது இது. இளஞ்சிவப்பு ரோசா ஒன்றை வாங்கி நடுகிறார்கள். கடும் பனிக்காலம் ஒன்று கழிகிறது. அடுத்த ஆனியில் வேறு நிறத்தில், வாசமில்லாத பூ பூக்கிறது. செடி நிறம் மாறவில்லை. ஒட்டுக்கு மேலே இருந்தது பட்டுப்போக, கீழே இருந்த வேர்ச்செடி தழைத்திருக்கிறது. ஒட்டு இட்ட கணுவை மண்ணுக்குள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்தால் ஓரளவு காக்கலாம். சொந்த வேரில் வளர்ந்த செடியை வாங்குவது இன்னும் நல்லது. அது தரைமட்டம் வரை பட்டாலும் அதே பூவாகவே திரும்பி வரும்.

இந்தக் குளிரை வென்ற ரோசாக்களை உருவாக்கியவர்களில் முக்கியமான இருவர் குடியேறிகள். வியன்னாவில் பிறந்து 1953இல் கனடா வந்த பெலிசிற்றாஸ் ஸ்வெய்டா, ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1961இல் ரோசா ஆய்வைத் தொடங்கினார். நாற்றுகளை மூடிப் பாதுகாக்காமல் பனியில் விட்டு, பிழைத்தவற்றையே தேர்ந்தார். ஜப்பான், கொரியக் கடற்கரை மணலில் வளரும் ருகோசா அவருக்குக் கைகொடுத்தது. உப்பைத் தாங்கும் அந்தச் செடி, குளிர்காலத்தில் உப்புக் கொட்டும் நம் தெருவோரங்களுக்கும் ஏற்றது. 1968இல் 'மார்ட்டின் புரோபிஷர்', 1976இல் 'ஹென்றி ஹட்சன்' என வரிசையாக வந்தன. இரண்டும் வாசமுள்ளவை. பெயர்கள்தான் நெருடுகின்றன. புரோபிஷர் இனுயிற் மக்களைக் கடத்திச் சென்ற மாலுமி.

மற்றவர் எழுத்தாளர். பிரான்சிலிருந்து 1905இல் வந்து அல்பேர்ட்டாவில் விவசாயம் செய்த ஜோர்ஜ் புய்னே, 'லா பொறே' என்ற நாவலை 1935இல் வெளியிட்டார். அம்மாகாணத்தின் காட்டு ரோசாவையும் ருகோசாவையும் கலந்து அவர் உருவாக்கிய 'தெரேஸ் புய்னே' 1950இல் வந்தது. இன்றும் கனடாவெங்கும் பூக்கிறது.

இவற்றின் வாசம் பன்னீர் வாசம் அல்ல. அதுவே வேண்டுமென்றால் 'இஸ்பஹான்', 'ரோஸ் டி ரெஸ்ற்' என்ற பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். ஈரானிய நகரங்களின் பெயர் தாங்கிய இந்த இரண்டும் தமஸ்கு வழி வந்தவை. ரொறொன்ரோக் குளிரைத் தாங்குபவை. முன்னது கோடை தொடங்கும்போது ஒருமுறை பூத்து ஓயும். பின்னது இலையுதிர் காலம் வரை விட்டுவிட்டுப் பூக்கும்.

ரோசாவுக்குப் பக்கத்தில் வைக்கும் பச்சிலைகளிலும் பெயர் நம்மை ஏமாற்றும். 'கியூபன் ஒரிகானோ' என்ற சீட்டுடன் விற்பது நம் கற்பூரவள்ளி. அது கியூபாவில் தோன்றியதும் இல்லை, ஒரிகானோவும் இல்லை. பீற்சாவுக்கென்று விற்கும் மார்ஜொரம்தான் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரு. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் தரங்கம்பாடியில் பணியாற்றிய மருத்துவர் கோனிக் இருக்கிறார். இவற்றை விக்டோரியா தின விடுமுறைக்குப் பின் வெளியே வைத்து, உறைபனிக்கு முன் உள்ளே எடுக்க வேண்டும். ரோசா அங்கேயே நிற்கும்.

பிள்ளைகளிடம் பெயரை மட்டும் கொடுத்தால் அவர்கள் போத்தலைத்தான் தேடுவார்கள். காலையில் ஒரு பூவின் முன் குனிய வைத்து, மருவின் இலையைக் கசக்கிக் கையில் கொடுத்தால், எந்தச் சீட்டு ஒட்டியிருந்தாலும் அவர்களே கண்டுபிடித்துக் கொள்வார்கள்.