ரஞ்சிக் கோப்பை: பம்பாய் பெருசா, நம்ம சவுத் ஜோன் பெருசா?

எங்க பக்கம் பொங்கல் வந்தா டென்னிஸ் பால் டோர்னமெண்ட் இல்லாம இருக்காது. பெரம்பலூர் பக்கத்து டீமெல்லாம் ஒரு பிரிவு, அரியலூர் பக்கத்து டீமெல்லாம் இன்னொரு பிரிவு. ரெண்டு பிரிவிலும் முதலில் வர்ற டீம் மட்டும் பைனலில் மோதும். நான் காலேஜ் படிச்சப்போ ஒரு வருஷம் எங்க பிரிவில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோத்தோம். ஆனா அதுவே எங்களுக்கு ஆப்பு. எங்களை ஜெயிச்ச டீம் பைனலுக்குப் போய், அரியலூர் பக்கத்து டீமைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்க. தோத்தவங்களுக்கு ரன்னர் கப். எங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர்.

"அப்ப நாமதானே ரெண்டாவது பெரிய டீம்?" என்று நாங்க புலம்பிக்கொண்டிருந்தபோது அரியலூர் சித்தப்பா சிரித்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர், ரேடியோவில் கிரிக்கெட் கேட்டே வளர்ந்தவர். "போடா, இதுக்கே அழுவுறியா? மதராஸ் டீமு முப்பத்தஞ்சு வருஷம் இப்படித்தான் வெளில நின்னுச்சு. பம்பாய்க்காரன் பதினஞ்சு தடவ வரிசையா கப்பு அடிச்சான்னு பேசுறானுவளே, நம்ம சவுத் ஜோன்ல வந்து ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும்!" என்றார்.

அன்னைக்கு அது வெறும் வாய்ச்சவடால் என்றுதான் நினைத்தேன். பிறகு ரஞ்சிக் கோப்பையின் பழைய கணக்கையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தபோது, சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கு என்று தெரிந்தது. மீதிப் பாதியும் சுவாரசியம்தான்.

முதலில் அமைப்பைப் பார்த்துடுவோம். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மதராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48, 59. மதராஸ் 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட். அந்த முதல் ஆட்டமே பக்கத்து வீட்டுக்காரனோடுதான் என்பதைக் கவனியுங்க. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரே ஒரு டீமை வெளியே அனுப்புவதுதான் முறை. (1948-49 மாதிரி விதிவிலக்கும் உண்டு. அந்த வருஷம் செமி பைனலில் பம்பாயும் மகாராஷ்டிராவும் மோதி ரெண்டு பேருமா 2376 ரன் குவித்தார்கள். ரெண்டுமே மேற்கு மண்டலம்!)

1957-58 முதல் மண்டலத்துக்குள் லீக். தெற்கில் மதராஸ், மைசூர், ஹைதராபாத், கேரளா, ஆந்திரா. ஆக வருஷத்துக்கு நாலே லீக் ஆட்டம், அதுவும் அதே நாலு பேரோடு. முதலிடம் வரலைன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மதராஸுக்கும் பம்பாய்க்கும் யார் பெரியவன் என்று பார்க்க ரெண்டு பேரும் அவங்கவங்க மண்டலத்தைத் தாண்டி வரணும்.

இனி கணக்கு. மண்டல முறை 2001-02 வரை இருந்தது. மொத்தம் 68 சீசன். நடுவில் மண்டல எல்லைகள் மாறியதால், டீமின் ஊர் இன்று எந்த மண்டலமோ அதையே வைத்துக் கூட்டினேன்.

மேற்கு - 43 (இதில் பம்பாய் மட்டும் 34)
தெற்கு - 10 (கர்நாடகா 6, ஹைதராபாத் 2, நாம 2)
வடக்கு - 8
மத்தி - 5
கிழக்கு - 2

இதைப் பார்த்தா சித்தப்பா அவுட். ஆனா இங்கே ஒரு சிக்கல். இது யார் கோப்பையை வாங்கினாங்க என்ற கணக்கு. எந்த மண்டலம் பலமானது என்ற கணக்கு இல்லை. அதைத் தெரிஞ்சுக்க எல்லை தாண்டிய ஆட்டங்களைத்தான் பார்க்கணும்.

பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை வரிசையாக ஜெயித்த 15 பைனலில் எதிரே நின்றது யார்? ராஜஸ்தான் 7 தடவை. வங்காளம் 3. மைசூர் 1, ஹைதராபாத் 1, மதராஸ் (பிறகு தமிழ்நாடு) 2, மகாராஷ்டிரா 1. ராஜஸ்தான் ஏழு முறை வந்ததால் அதுதான் நாட்டிலேயே ரெண்டாவது டீம் என்று சொல்லிடலாமா? சலீம் துரானி, விஜய் மஞ்ச்ரேக்கர் எல்லாம் ஆடிய டீம், லேசுப்பட்டதில்லை. ஆனால் மத்திய மண்டலத்தில் அவங்களுக்கு எதிரி விதர்பா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம். தெற்கில் மூணு பெரிய டீம் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் பிரசன்னாவும் சந்திரசேகரும் இருக்கும் மைசூர் வெளியே, ஒரு வருஷம் ஜெய்சிம்மாவும் பட்டோடியும் இருக்கும் ஹைதராபாத் வெளியே, ஒரு வருஷம் வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும் இருக்கும் நாம வெளியே.

இந்த வேலி எவ்வளவு மறைத்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கு. 1970-71ல் விதியை மாற்றி மண்டலத்துக்கு ரெண்டு டீம் என்றாக்கினார்கள். அந்த முதல் வருஷமே பைனலில் யார்? பம்பாயும் மகாராஷ்டிராவும்! முந்தைய வருஷம் வரை மேற்கின் ரெண்டாவது டீம் எவ்வளவு நல்லா ஆடினாலும் லீக்கோடு சரி. வேலியால் பாதிக்கப்பட்டது நாம மட்டுமில்லை, பம்பாயோட பக்கத்து வீட்டுக்காரனும்தான்.

இன்னொரு சாட்சி துலீப் கோப்பை. 1961-62ல் தொடங்கியது. மண்டலமும் மண்டலமும் நேருக்கு நேர். முதல் கோப்பை மேற்குக்குத்தான். ஆனால் 1965-66, 1966-67, 1967-68 என மூணு வருஷம் வரிசையாகத் தெற்கு ஜெயித்தது. அதே மூணு வருஷமும் ரஞ்சிக் கோப்பை பம்பாய் கையில்! மைசூர், ஹைதராபாத், மதராஸ் மூணையும் ஒண்ணா சேர்த்துவிட்டா பம்பாய்க்காரர்கள் நிறைந்த மேற்கையே தாண்ட முடிந்தது. தனித்தனியா நின்னா முடியலை. மேற்கின் பலத்தில் பெரும்பகுதி ஒரே நகரத்தில் குவிந்திருந்தது. தெற்கின் பலம் மூணு பங்கா பிரிந்து கிடந்தது. என் கணக்கில் கண்ட விடை இதுதான்.

சித்தப்பாவுக்குப் பாதி மார்க் ஆச்சா? இனி மீதிப் பாதி. பம்பாயும் நாமும் பைனலில் மோதியது மொத்தம் 5 தடவை. 1935-36, 1967-68, 1972-73, 2002-03, 2003-04. அஞ்சிலும் தோல்வி. ரெண்டு பேரும் சமபலம் என்று வைத்துக் காசு சுண்டினால், அஞ்சும் பம்பாய் பக்கமே விழ வாய்ப்பு 32ல் ஒன்று. "சின்ன சாம்பிள்ப்பா" என்று தப்பிக்கலாம். 1967-68லும் 2003-04லும் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில்தான் கோப்பை போச்சு என்றும் வாதாடலாம். ஆனா 1972-73ஐ எங்கே மறைப்பது? நம்ம சேப்பாக்கம், சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். பம்பாய் 151, 113. நாம 80, 61. சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், ரெண்டாவதில் இன்னொரு 5. மூணாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிஞ்சது. வேலியைத் தாண்டியும் வந்தோம், நம்ம வாசலிலேயே ஆடினோம், தோத்தோம். இதுக்கு ஜோன் முறையைக் குறை சொல்ல முடியாது.

சரி, பம்பாயை யாராலும் அசைக்க முடியாதா என்றால், அடுத்த வருஷமே அசைத்தார்கள். 1973-74 செமி பைனலில் கர்நாடகா, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில். பதினஞ்சு வருஷ ஆட்சியை முடித்தது நம்ம சவுத் ஜோன் டீம்தான், ஆனா நாம இல்லை :-)

நம்ம ரெண்டு கோப்பையையும் சொல்லாம விட்டா சித்தப்பா கோவிச்சுக்குவார். 1954-55ல் பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூருக்கே போய் ஹோல்கரை 46 ரன்னில் ஜெயித்தோம். 1987-88ல் வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேஸை இன்னிங்ஸ் வித்தியாசத்தில். ரெண்டு பைனலிலும் எதிரே பம்பாய் இல்லை என்பதையும் நேர்மையா எழுதி வைக்கிறேன்.

2002-03ல் மண்டல முறை போய் எலைட், பிளேட் என்று வந்தது. சொல்லி வைத்த மாதிரி அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பைனல் மும்பைக்கும் நமக்கும். ரெண்டும் தோல்வி. 2024 மார்ச்சில் செமி பைனலில் மறுபடி மும்பை, இன்னிங்ஸ் தோல்வி. வேலியை எடுத்த பிறகு நமக்கு ஆட்டம் கிடைத்தது, கோப்பை கிடைக்கலை.

இதையெல்லாம் நோட்டோடு போய் சித்தப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெதுவா பார்த்தார். "தோத்தது பரவால்லடா. வி.வி.குமாரு 599 விக்கெட் எடுத்தாரு, ரெண்டே டெஸ்ட்தான் குடுத்தானுவ. வருஷத்துக்கு நாலு ஆட்டம், அதே நாலு ஊரு. வடக்க இருக்கறவன் அவரை எப்படிடா பார்ப்பான்?" என்றார்.

குமாருக்கு வாய்ப்பு குறைந்ததற்கு ஜோன் முறை மட்டுமே காரணம் என்று என் கணக்கு சொல்லாது. அதே காலத்தில் இன்னும் எத்தனை சுழல் பந்து வீச்சாளர்கள்! 589 விக்கெட் எடுத்த சிவால்கருக்கு ஒரு டெஸ்ட்கூட கிடைக்கலை. அதையும் சொன்னேன். சித்தப்பா நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, "அவனும் பாவம்தான்" என்றார்.