பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிளான் போடுங்க... உங்க ஸ்கேல் மாடல் பாதியில நிக்காது!

ஆன்லைன்ல ஆர்டர் போட்ட மிக்-21 கிட் ஒருவழியா வீட்டுக்கு வந்தாச்சு. பாகங்களை வெட்டி, ஒட்டி, ரெண்டே நாள்ல விமானம் ரெடி. மூணாவது நாள் பிரஷ்ஷை எடுக்கிறீங்க. காயாத பெயின்ட்டில் கைரேகை, இறக்கையில் தூசி, பாதியில் தீர்ந்துபோன கிரே கலர்... மாடல் மறுபடியும் டப்பாவுக்குள்ள போயிடுது. இது உங்க கதை மாதிரியே இருக்கா?

பெரும்பாலான மாடல்கள் கெட்டுப்போறது ஒட்டும்போது இல்லை, பெயின்ட் அடிக்கும்போதுதான். அதுக்குக் காரணம் திறமைக் குறைவும் இல்லை, அவசரம். பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி ஒரு ஊரில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பாட்டில் பெயின்ட் தீர்ந்தால் பக்கத்துத் தெருவில் போய் வாங்க முடியாது, பார்சலுக்காகக் காத்திருக்கணும். அதனால பிளான்தான் உங்க முதல் கருவி.

நேரத்தைக் கணக்கு போடாதீங்க, காயும் நேரத்தைக் கணக்கு போடுங்க

மிக்-21 நம்ம விமானப்படையில் 1963-ல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ல் விடைபெற்ற விமானம். நிஜத்தில் அதன் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/72 அளவில் வெறும் 10 செ.மீ. இவ்வளவு சின்னதுக்கு பெயின்ட் அடிக்க மொத்தமே அஞ்சாறு மணி நேரம் போதும். ஆனா அது காயப் பல நாள் தேவை.

அக்ரிலிக் பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனாலும் அதன்மேல் டேப் ஒட்ட ஒரு நாள் விடுங்க. எனாமலுக்கு ஒரு நாள் முழுசா கொடுத்தே ஆகணும். அதனால தினமும் 45 நிமிஷம் மட்டும் உட்காருங்க. அதிலும் கடைசி 10 நிமிஷம் பிரஷ் கழுவ. வேலை, காலேஜ் போறவங்களுக்கு இதுதான் வசதி.

ஒரு வார அட்டவணை இதோ

நாள் 1: பெயின்ட்டைத் தொடாதீங்க. கையேட்டைப் படிச்சு, எந்தக் கலர் எந்தப் பாகத்துக்குன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. கையேட்டில் இருக்கிற வரிசைப்படி போகாமல், கலர் வாரியாகப் பிரிச்சா ஒரே பாட்டிலைப் பத்து தடவை திறக்க வேண்டாம். இல்லாத கலரை இன்னிக்கே ஆர்டர் போடுங்க. பாகங்களை சோப்புத் தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. அச்சில் இருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

நாள் 2: காக்பிட். மிக்-21-க்கு உள்ளே நீலமும் பச்சையும் கலந்த நிறம். உடலை ஒட்டி மூடிட்டா உள்ளே பிரஷ் போகாது. அதனால இது முதலில்.

நாள் 3: உடலை ஒட்டி, இடைவெளிகளை நிரப்பித் தேய்ச்சு, பிரைமர். கீறல், இடுக்கு எல்லாம் இப்பதான் கண்ணுக்குத் தெரியும். சரிபண்ண இதுவே கடைசி வாய்ப்பு.

நாள் 4: மெயின் கலர். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் அப்புறம். பெயின்ட் பால் பதத்தில் இருக்கட்டும். கெட்டியா ஒரு கோட் அடிக்கிறதைவிட, நீர்க்க மூணு கோட் மேல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம் விட்டுட்டு வேற வேலை பாருங்க.

நாள் 5: டேப் ஒட்டி ரெண்டாவது கலர். கரன்ட் வேலைக்கான கறுப்பு டேப் வேண்டாம், பசை ஒட்டிக்கும். பெயின்டர்கள் பயன்படுத்துற காகித டேப் போதும்.

நாள் 6: பளபளப்பு வார்னிஷ். அது காய்ந்த பிறகு ஸ்டிக்கர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் ஊறவிட்டு, மெதுவா நகர்த்தி வைங்க. ராத்திரி தொடாதீங்க.

நாள் 7: சக்கரம், ஏவுகணை போன்ற சின்ன பாகங்கள், கடைசியா மேட் வார்னிஷ். கண்ணாடி மூடியை இதுக்கெல்லாம் பிறகு ஒட்டுங்க. அதுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெளுக்க வைக்கும். வெள்ளை ஃபெவிகால் போதும்.

ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. அட்டவணை தள்ளிப்போகலாம், வரிசை மாறக் கூடாது.

நம்ம ஊரு வெயிலும் மழையும்

சேர்வராயன் மலை அடிவாரம்னாலும் ஏப்ரல், மே மதியத்தில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். காலை 6 மணிக்கு உட்காருங்க, இல்லைன்னா பொழுது சாய்ஞ்ச பிறகு. ஒரு டிபன் டப்பாவில் ஈர டிஷ்யூ விரிச்சு, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் பெயின்ட்டைக் கலங்க. மூடி வைத்தால் மறுநாளும் பதமாக இருக்கும்.

மழை நாளில் ஸ்பிரே கேன் வார்னிஷ் அடிக்காதீங்க. காற்றில் இருக்கிற ஈரம் பட்டு, ஒரு வார உழைப்பும் வெள்ளை பூத்துப்போகும். அந்த நாளை சின்ன பாகங்களுக்கு ஒதுக்குங்க. மாடலைக் காயவைக்கும்போது மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைங்க. தூசிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம்

தின்னர், எனாமல், ஸ்பிரே எதுவானாலும் ஜன்னல் திறந்திருக்கணும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூர் பண்ணாதீங்க. முக்கியமா, தின்னரைத் தண்ணி பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீங்க. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது விபரீதத்தில் முடியும். அது வந்த டப்பாவிலேயே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் முடிச்சதும் மொபைலில் ஒரு போட்டோ எடுங்க. எந்தக் கலரை எத்தனை சொட்டு கலந்தீங்கன்னு நோட்ஸில் எழுதுங்க. பாதியில் பெயின்ட் தீர்ந்தாலும் அதே நிறத்தைத் திரும்பக் கலக்கலாம். அடுத்த கிட் வரும்போது அந்தக் குறிப்புதான் உங்க குரு.

இன்னிக்கு ராத்திரி கிட்டைத் திறந்தால், பிரஷ்ஷை எடுக்காதீங்க. பேப்பரும் பேனாவும் எடுங்க!